ஆர்? நான்தான்!

எனது இல: 1 (இதுவே கடைசியும் என்கிறா மனைவி)
உமது இல: இனிமேல்தான் வழங்கப்பட வேண்டும்

தாதியர் பயிற்சிக்குப் பொறுப்பான மேலதிகாரி அவர்கட்கு,
சுகாதார அமைச்சு, சுவசிரிபாய, கொழும்பு 10.

விடயம்: உளநோயும் உயிராபத்தும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் வருவதைத் தடைசெய்யக் கோருதல்

ஐயா அல்லது அம்மணி,

நான் ஓய்வுபெற்ற இலிகிதர். கோப்பு மேசைக்கு மேசை நகரும் வேகம் எனக்குத் தெரியும். அதைவிட மெதுவாக ஒன்று நகருமென்று சென்ற மாரி வரை நான் நம்பவில்லை. அந்த மாரியில் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், எலிக்காய்ச்சலோடு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். எனக்கு அங்கே இன்னும் கிளினிக் கொப்பி இருக்கிறது.

மச்சான் மட்டக்களப்பு வாவியோரப் படுவான்கரையில் மூன்று ஏக்கர் வேளாண்மை செய்கிறவர். காலில் வெடிப்போடு வயலுக்குள் இறங்கினார். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் தன் வேலையைச் செய்தது. சிறுநீரகம் தளர்ந்தது, நெஞ்சுக்குள் நீர் சேர்ந்தது, ஐசியூவில் போட்டார்கள். அங்கிருந்த தாதியரைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். மெஷின் ஒரு தரம் கூவினால் மூன்று பேர் ஓடி வந்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி மெஷின் கூவவில்லை, மச்சான்தான் கூவினார். "கூரையில றால் ஓடுதுகா, வலையக் கொண்டாங்க!" சேலைன் குழாயைப் பிடுங்கினார், மூக்குக் குழாயையும் பிடுங்கினார். மறுகா அவருடைய இரண்டு கையும் பண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டன.

கோப்பில் 'மனநோய்' என்று எழுதி உளநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பிரிவு அதே விறாந்தையின் மறு அந்தம். சேலைன் ஏறுகிற ஆளைப் பராமரிக்கத் தங்களிடம் வசதியில்லை, உடம்பு தேறியதும் அனுப்புங்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது. ஆள் ஊசி போட விடுகிறாரில்லை, மனம் தேறினால்தான் உடம்பைப் பார்க்கலாம் என்று ஐசியூ எழுதியது. இரண்டு கடிதமும் நியாயமானவை, இலிகிதர் என்ற வகையில் மொழிநடையையும் பாராட்டுகிறேன். நாலு நாள் கோப்பு போய் வந்தது. மச்சான் மட்டும் போகவுமில்லை, வரவுமில்லை.

என் பெரியம்மா எழுத்து வாசனை அறியாதவ. அவ உயிரோடு இருந்து அந்தக் கட்டிலை எட்டிப் பார்த்திருந்தால் ஒரே சொல்லில் முடித்திருப்பா: "சன்னி." காய்ச்சலோ கிருமியோ குடியை விட்டதோ மூளையைக் குழப்புகிற அந்த நிலைக்குத் தமிழில் எத்தனையோ காலமாகப் பெயர் இருக்கிறது. அது பைத்தியமல்ல, பேயும் அல்ல. உடம்பின் நெருக்கடி மனதின் வாயால் பேசுகிறது, அவ்வளவுதான். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் வரைக்கும் இது வரலாமென்று உலகத்து ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் பாடத்திட்டத்தில் உடம்பு ஒரு பாடம், மனம் இன்னொரு பாடம், பரீட்சையும் வேறு வேறு நாளில். சன்னி இரண்டு பரீட்சைக்கும் நடுவில் வருகிற லீவு நாளில் விழுந்துவிட்டது போலும்.

சோதனையே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். ஐந்தாம் நாள் ஒரு படிவத்தோடு வந்தார்கள். தாதி பத்து ஆங்கில எழுத்து வாசிக்க, 'ஏ' வரும்போதெல்லாம் நோயாளி அவவின் கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் பிழைத்தால் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். உலகம் முழுக்க நடக்கிற நல்ல சோதனைதான். ஆனால் மச்சான் படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் தமிழில். 'ஏ' என்றதும் மனுசனுக்கு முகம் கறுத்தது. எங்கள் ஊரில் பெரிய ஆளை 'ஏ' போட்டுக் கூப்பிடுவதில்லை. 'ஈ' என்றதும் கட்டப்பட்ட கையால் ஈ ஓட்டப் பார்த்தார். கடைசியில் தாதி "ஆர்" என்றா. மச்சான் தெளிவாக, மரியாதையாக, "நான்தான் மிஸி" என்றார்.

பிழை என்று குறித்தார்கள்.

அந்தப் பிள்ளைமீது எனக்குக் கோபமில்லை. தனக்குத் தரப்பட்ட படிவத்தைத்தான் அவ வாசித்தா. ஆள் ஆரென்று கேட்க, நான்தான் என்று சரியான விடை சொன்னவரை நாங்கள் எல்லாரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மச்சான் சத்தம் போட்டார், அதனால் கண்டுபிடித்தார்கள். அடுத்த கட்டிலில் இன்னொரு கிழவன், மீன்பிடிக்காரன், மூன்று நாளாகச் சுவரைப் பார்த்தபடி சுருண்டு கிடந்தார். கேட்டால் பதிலில்லை, கஞ்சி கொடுத்தால் வாயோரம் வழிந்தது. "கரைச்சல் இல்லாத ஆள்" என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும்தான் மச்சானிடம், "அந்த ஆளப் பாத்துப் படி" என்றேன். சன்னியில் கத்துகிற வகை குறைவு, இப்படி அமைதியாக அமிழ்கிற வகையே கூட என்பதையும், தவறவிடப்படுவது பெரும்பாலும் அதுதான் என்பதையும் பிறகுதான் வாசித்தேன். அந்தக் கிழவனுக்கு என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விறாந்தையின் மற்ற அந்தத்துக்கும் போயிருக்கிறேன், அது வேறொரு உறவினருக்காக. அங்குள்ள தாதியருக்குப் பேசத் தெரியும். பேசாமல் பக்கத்தில் இருக்கவும் தெரியும், அது இன்னும் கஷ்டம். "யோசினை கூட மிஸி" என்று ஒருத்தி சொன்னால் எங்கள் பக்கத்தில் அதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று அவர்கள் அறிவார்கள். ஆனால் குளோசபின் என்ற உளநோய் மருந்து குடிக்கிற பொடியன் தொண்டை நோகுது என்றால் அது ஐஸ்கிரீமினால் வந்ததாயிருக்காது. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் விழுந்திருக்கலாம். அதனால்தான் முதல் 18 கிழமையும் வாராவாரம் இரத்தம் பார்க்கிறார்கள். லித்தியம் குடிக்கிறவர் வெட்டுக் காலத்து வெயிலில் தண்ணீர் குடியாமல் நின்று, பின்னேரம் கை நடுங்கி வாந்தியெடுத்தால், அது "வருத்தம் திரும்பிட்டுது" அல்ல, மருந்து உடம்பில் தேங்கி நஞ்சாகிறது. கடும் உளநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முந்திச் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் சாகடிப்பது உடம்பின் வருத்தம். நெஞ்சு நோகுது என்று அவர்கள் சொன்னால், "அவர் அப்படித்தான் சொல்லுவார்" என்று பதில் சொல்ல நாங்கள் பழகிவிட்டோம்.

பயிர் மருந்து குடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைப் பற்றிப் பகடி எழுத எனக்கு மனமில்லை. 1995இல் இந்த நாட்டில் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் போனார்கள், உலகத்திலேயே உச்சம் என்னும் அளவுக்கு. கொடிய பயிர்நாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததும் அந்தக் கணக்குப் பெரிதாக இறங்கியது. 1998இல் தற்கொலைக்கு முயல்வது குற்றமென்ற சட்டத்தையும் எடுத்தார்கள். உங்கள் தரப்பு செய்த நல்ல காரியங்களில் இவை உண்டு, இதை மட்டும் நேராகவே சொல்கிறேன். ஆனால் தப்பியவர் குழாய் கழற்றப்பட்டுக் கண் விழிக்கிற அந்த முதல் மணித்தியாலத்தில் கட்டிலடியில் நிற்பவ ஐசியூ தாதி. உளநலப் பிரிவின் ஆள் வருவது திங்கட்கிழமை.

1952ஆம் ஆண்டைப் பற்றி அறிந்திருப்பீர்கள். அந்த வருடம் கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவி, மூச்சு நின்றவர்களுக்குத் தொண்டையில் துளையிடப்பட, சுமார் 1500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் கையால் பை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். இப்சன் என்ற வைத்தியரின் அந்த யோசனையிலிருந்துதான் ஐசியூ பிறந்தது. அதே 1952இல் அமெரிக்காவில் ஹில்டகார்ட் பெப்லோ என்ற தாதியின் புத்தகம் வந்தது. தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள உறவே சிகிச்சை என்று வாதாடிய புத்தகம். வைத்தியர் ஒருவர் கூட்டாசிரியராக இல்லை என்பதால் கைப்பிரதி நாலு வருடம் காத்துக் கிடந்ததாம். ஒரே வருடத்தில் பிறந்த இந்த இரட்டைப் பிள்ளைகளை எழுபது வருடத்துக்கு மேலாக விறாந்தையின் இரண்டு அந்தத்தில் வைத்து வளர்க்கிறோம். இன்னும் ஒருவரையொருவர் 'உமது கடிதம் தொடர்பாக' என்றுதான் விளிக்கிறார்கள்.

வருத்தத்தைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வைப்பது இங்கே பழைய வழக்கம். எங்கள் மட்டக்களப்பு வாவிக்குள்ளேயே மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரை அங்கே வைத்தோம். மனம் குழம்பியவரை அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதற்கான சட்டம் 1873இல் எழுதியது, 1956இல் கொஞ்சம் ஒட்டுப் போட்டது. 2005இல் நல்லதொரு உளநலக் கொள்கை வந்தது. மாவட்டந்தோறும் படுக்கை விடுதி, ஊர் ஊராகப் போகிற சமூக உளநலத் தாதி என்றெல்லாம் அதில் வடிவாக எழுதியிருக்கிறது. சுனாமிக் காலத்தில் மட்டக்களப்பில் மனநல வைத்தியராக இருந்த மகேசன் கணேசன் போன்றவர்கள் ஊருக்குள்ளேயே வைத்துப் பராமரிக்கலாமென்று செய்து காட்டியும் விட்டார்கள். ஆகவே என்ன செய்வதென்று தெரியாத நிலை என்று யாரும் சொல்ல முடியாது.

பயிற்சி நடப்பதில்லை என்றும் சொல்லமாட்டேன். சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு வந்து இறங்கிய உளவளத்துணைப் பயிற்சிகளை எண்ணினால், இன்றைக்கு வாவி மீன்களும் ஒன்றுக்கொன்று ஆறுதல் சொல்ல வேண்டும். கடற்கரை விடுதியில் இரண்டு நாள், ரோல்ஸ், ஒரு கைப்பை, சான்றிதழ், குழுப் படம். உயிர்காக்கும் பயிற்சிக்கு ஒரு பொம்மையும் உண்டு, அருமையான நோயாளி. நெஞ்சை அமுக்கினால் முனகாது, குழாயைப் பிடுங்காது, கெட்ட வார்த்தை பேசாது, தன் கூரையில் றால் பார்க்காது. பொம்மைக்குச் சன்னி வரும் வரைக்கும் உங்கள் பயிற்சியில் ஒரு குறையுமில்லை.

ஆறாம் நாள் ஒரு பிள்ளை முறைக்கு வந்தா. நெற்றியில் சின்னத் திருநீறு, பேச்சில் எங்கள் பக்கத்து ராகம். முன்பு உளநலப் பிரிவில் சில காலம் வேலை செய்தவவாம். வந்ததும் மச்சானின் கட்டைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்து, "மாமா கண்ணாடி போடுறவரா?" என்று கேட்டா. போடுகிறவர்தான். அது ஆறு நாளாக என் சேட்டுப் பையில் பத்திரமாக இருந்தது! கண்ணாடியை மாட்டி, கட்டிலை யன்னல் பக்கம் திருப்பி, ஒரு கையை அவிழ்த்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "மாமா, இது ஆஸ்பத்திரி. உங்களுக்கு எலிக்காய்ச்சல். இண்டைக்கு வியாழக்கிழமை. அந்தா வெளிய பாருங்க, வேப்பமரம்" என்றா. ஒரு மணித்தியாலம் கழித்து அதையே திரும்பச் சொன்னா. பின்னேரம் இன்னொரு தரம். ராத்திரி விளக்கைக் குறைத்தா. சிஸ்டரிடம் கெஞ்சி, பார்வையாளர் நேரத்துக்கு வெளியே ஒள்ளுப்ப நேரம் மாமியை, அதாவது மச்சானின் மனைவியை, உள்ளே விட்டா. மாமி வந்து, பசு கண்டு போட்டிருக்கு என்று சொன்னா. எட்டாம் நாள் மச்சான், "என்ன கண்டு?" என்று கேட்டார். நாகு என்றதும் சிரித்தார்.

அந்தப் பிள்ளை செய்தது மந்திரமல்ல. கண்ணாடி, வெளிச்சம், நித்திரை, நாள் கிழமை, தெரிந்த குரல். சன்னிக்கான பராமரிப்பென்று உலகத்துப் புத்தகமெல்லாம் எழுதியிருப்பது இவைதான். காய்ச்சலுக்கான மருந்தும் பக்கத்தில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு அந்தமும் தெரிந்த ஒரு ஆள் நடுவில் நின்றா, அதுதான் வித்தியாசம்.

அடுத்த மாதம் 'சேவையின் தேவை கருதி' அவவைக் கண் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எந்தச் சேவை, எவருடைய தேவை என்று கேட்குமளவுக்கு நான் பண்பில்லாதவனல்ல. முப்பது வருடம் அந்த வசனத்தை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள் விமானமேறிவிட்டார்கள், இவவாவது கண் பிரிவோடு நின்றாவே என்று சந்தோசப்படுகிறேன்.

ஆகவே, தாதியரை மாற்றுவது உங்களுக்குச் சிரமம் என்பதால், நோயாளிகளை மாற்றும்படி பணிவாகக் கேட்கிறேன். பொதுமக்களுக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்புங்கள். மும்மொழியிலும் வரட்டும், தமிழில் எழுத்துப் பிழை வழமைபோல் இருக்கட்டும். ஒருவர் ஒரு தடவைக்கு ஒரு வருத்தம் மட்டுமே கொண்டுவர வேண்டும். சன்னி காண்பவர்கள் அலுவலக நேரத்தில், ஆங்கில எழுத்து அறிந்த நிலையில் காண வேண்டும். உளநலப் பிரிவில் உள்ளவர்கள் நெஞ்சு நோவை முற்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். படுவான்கரைக்காரர் குழம்புவதாயின், பாதைப் படகு ஓடும் நேரம் பார்த்துக் குழம்ப வேண்டும். ஆறு மணிக்குப் பிறகு அவர்களைத் தோணியில் கொண்டுவருவது ஆபத்து.

இந்தக் கடிதத்துக்குப் பதில் அவசியமில்லை. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு அட்டை போட்டால் போதும், சட்டம் போட்டு மாட்டுவேன்.

பின்குறிப்பு: போன செவ்வாய் மச்சானைக் கண்ணில் பூ விழுந்ததற்காகக் கூட்டிப்போனேன். வரிசையில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்த பிள்ளையின் முகம் அவருக்குத் தெரியவில்லை, குரல் தெரிந்தது. பழக்கதோசத்தில் அவ, "இண்டைக்கு என்ன கிழமை மாமா?" என்று கேட்டா.

"செவ்வாய்தானே மனே," என்றார். "நீ ஏன் இஞ்ச நிக்கிறாய்?"

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
ஓய்வுபெற்ற இலிகிதர்,
படுவான்கரை.