சிரிக்காத மருந்தாளுநர்

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். மெடிக்கல் ஷாப் கவுன்ட்டருக்குப் பின்னால், மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப்பையில் இரண்டு பேனா, முகம் நிறையச் சந்தேகம். சீட்டை நீட்டினால் வாங்குவார், நம்பமாட்டார். கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல் டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். அப்புறம் நம்மைப் பார்ப்பார்.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு சார்."

"சர்க்கரையா, வயித்துப்போக்கா?"

நாலு பேர் நிற்கிற இடத்தில் கேட்கிற கேள்வியா இது! ஆனால் டாக்டர் அவசரத்தில் கிறுக்கினால் மெட்ஃபார்மினும் மெட்ரோனிடசோலும் அண்ணன் தம்பிதான். முன்னது சர்க்கரைக்கு, பின்னது அமீபா வயிற்றுப்போக்குக்கு.

"வெள்ளையா, உருண்டையா, நடுவுல கோடு போட்டிருக்குமே" என்று வருபவர்களிடம் அவர் பேசுவதே இல்லை. அலமாரிப் பக்கம் கையைக் காட்டுவார். பாதிக் கடை வெள்ளை, உருண்டை, கோடு.

1991இல் பாரிக், மவுண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், குணத்துக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். எந்த வேலைக்கும் கைகொடுப்பது பொறுப்புணர்வு; கலகலப்பு உதவுவது விற்பனையிலும் நிர்வாகத்திலும் என்றார்கள். மருந்துக்கடை முதலாளிக்கு, பாவம், இரண்டும் வேண்டும். அதனால் சாருக்குப் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தியிருப்பார். "வாங்கக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்பான். அக்கா போகும்போது கையில் ஒரு சத்துமாவு டப்பாவும் போகும்.

சில ஆன்டிபயாட்டிக்குகளை ஷெட்யூல் எச்1 பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயரோடு எழுதி, மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். அந்த இலக்கியப் பணி முழுக்க சாருடையது. டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் முதலாளிக்கு வியர்க்கும். சார் முகத்திலோ அன்றுதான் லேசாக ஒரு சிரிப்பு தெரியும். கடைசியில் ஒரு வாசகர் கிடைத்துவிட்டாரே!

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாங்க வருபவர்களுக்குத்தான் முழு தரிசனம். வாரம் ஒரு நாள் போடுகிற மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கவரில் கிழமையை எழுதி, அடிக்கோடு போட்டு, பரீட்சையைத் தொடங்குவார்.

"என்னிக்குப் போடுவீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"திங்கக்கிழமை?"

"போடமாட்டேன்."

"செவ்வாய்?"

"போடமாட்டேன் சார்."

சனிக்கிழமை வரை ஒப்பித்தால்தான் கவர் கைக்கு வரும். பின்னால் வரிசை முணுமுணுக்கும். பெரியவர் தப்பித்தோம் என்று படியிறங்கும்போது உள்ளேயிருந்து குரல் வரும்:

"ஐயா, ஒரு வாரம் மறந்துட்டா, அடுத்த வாரம் ரெண்டா போடுவீங்களா?"