கடலைக்குப் போட்ட ரயில்

உலகப் போரில் ஜெயித்த பிரிட்டனுக்கு ரொட்டியில் தடவத்தான் ஒன்றும் இல்லை. வெண்ணெய்க்கும் ரேஷன், மார்கரினுக்கும் ரேஷன். 1946இல் யுனிலீவர் குழுமத்தைச் சேர்ந்த யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியின் பிராங்க் சாமுவேல் ஒரு யோசனை சொன்னார்: டாங்கனிக்காவில் (இன்றைய தான்சானியாவின் பெருநிலம்) காடு சும்மா கிடக்கிறது, நிலக்கடலை போடலாமே! லண்டனுக்கு எண்ணெய், ஆப்பிரிக்கனுக்கு வறுமை ஒழிப்பு. ஒரே தோலுக்குள் இரண்டு பருப்பு.

ஜான் வேக்ஃபீல்டு தலைமையில் மூவர் குழு கிளம்பியது. ஒன்பது வாரச் சுற்றுப்பயணம், அதில் நிறைய நேரம் விமானத்தில். மேலிருந்து பார்த்தால் எந்த மண்ணும் நல்ல மண்தான். கென்யா, வட ரொடீசியாவையும் சேர்த்து 32 லட்சம் ஏக்கர், 107 பண்ணைகள் என்று கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். உணவு அமைச்சர் ஜான் ஸ்ட்ரேச்சி தலையாட்டினார். முதலில் தேர்ந்தெடுத்த இடமான கொங்வாவில் மழை எப்படிப் பெய்யும் என்று அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த கோகோ மக்களைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர்களிடம் விமானம் இல்லை, அறிக்கையும் இல்லை. அப்படிப்பட்டவர்களை நிபுணர் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

போர் முடிந்து வேலையில்லாமல் இருந்த முன்னாள் சிப்பாய்கள் ‘நிலக்கடலைப் படை’யில் சேரப் போட்டி போட்டார்கள். டார் எஸ் சலாமில் வந்து இறங்கிய சாமான்களைக் கொங்வாவுக்குக் கொண்டுபோக ஒற்றைத் தண்டவாளம். வெள்ளம் வந்தபோது அதுவும் அடித்துக்கொண்டு போனது. டிராக்டர்கள் பிலிப்பைன்ஸில் போருக்குப் பிறகு மிஞ்சிய பழைய சரக்கு. அவை படுத்துக்கொள்ள, ஷெர்மன் டாங்கிகளை டிராக்டராக மாற்றி அனுப்பியது விக்கர்ஸ் கம்பெனி. ஹிட்லரை எதிர்த்து நின்ற வண்டி புதரிடம் தோற்றது. இரண்டு புல்டோசருக்கு நடுவே கப்பல் நங்கூரச் சங்கிலியைக் கட்டி இழுத்தால் புதர் சாயும் என்று கண்டுபிடித்துச் சங்கிலி கேட்டபோது, கடலே இல்லாத ஊருக்கு நங்கூரமா, யாரோ விளையாடுகிறார்கள் என்று லண்டன் நினைத்ததாகக் கதை உண்டு. பெருக்க மரத்தைச் சாய்த்தாலோ பொந்துக்குள் இருந்த தேனீக்கள் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பின.

1947இல் ஒன்றரை லட்சம் ஏக்கர் திருத்துவதாகத் திட்டம். விதைத்தது ஏழாயிரத்துச் சொச்சம். அங்கேதான் பெரிய வேடிக்கை. நிலக்கடலைக்குப் பூ மேலே, காய் கீழே. விழுது இறங்க மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், காயைப் பிடுங்கவும் மண் விட்டுக்கொடுக்க வேண்டும். கொங்வாவின் களிமண் வெயிலில் காய்ந்தால் செங்கல். மண்வெட்டி பிடித்த யாரும் ஒரு குத்து குத்திப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். சரி, சூரியகாந்தி போடலாம் என்றார்கள். வறட்சி வந்து அதையும் வாரிக்கொண்டது. கடைசியில் அறுவடை, விதைக்கு வாங்கிய கடலையைவிடக் குறைவு.

வறுமை ஒழிப்பு? கூலிக்கு வந்தவர்களுக்கு விலைவாசிதான் ஏறியது. 1947இல் டார் எஸ் சலாம் துறைமுகத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் கொங்வா வரை பரவியது. ஒழிக்கப்பட வேண்டிய ஏழைகளே கொடி பிடித்துவிட்டார்கள்.

தோற்ற திட்டத்துக்கு வேறு இடம் பார்ப்பதுதானே அரசாங்க வழக்கம்! தெற்கே நச்சிங்வேயாவுக்குப் போனார்கள். இம்முறை புத்தியாக முதலில் ரயில், ம்ட்வாராவில் ஆழ்கடல் துறைமுகம். 1951 ஜனவரியில் திட்டத்தைக் கைவிட்டு, சுமார் 3.6 கோடி பவுண்டைத் தள்ளுபடி செய்தார்கள். துறைமுகம் அதற்குப் பிறகுதான், 1954இல், முடிந்தது. ஏற்றுமதிக்குக் கடலை கிடையாது. ஆனால் அதை ஏற்ற முதல் தரமான துறைமுகம் தயார்! ரயிலுக்குப் போதிய சுமை கிடைக்கவில்லை. 1960களில் தண்டவாளத்தையே பெயர்த்தார்கள். துறைமுகம் தப்பியது, இன்றும் முந்திரி ஏற்றுகிறது. முந்திரியை வளர்ப்பது உள்ளூர்ச் சிறுவிவசாயிகள், டாங்கி இல்லாமலே.

கொங்வாவும் வீண்போகவில்லை. 1964 வாக்கில் அந்தப் பழைய கடலை முகாமை தான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரேவின் அரசு விடுதலை இயக்கங்களுக்குக் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் மொசாம்பிக்கின் ஃப்ரெலிமோவும் வெள்ளையர் ஆட்சியை விரட்டத் தங்கள் ஆட்களுக்கு அங்கேதான் பயிற்சி கொடுத்தன. அந்த விளைச்சலை வேக்ஃபீல்டு அறிக்கை எதிர்பார்க்கவில்லை.