வட்டிக்கு நைட் டூட்டி

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் கடன் வாங்கி ஒரு லேத் மெஷின் போட்டால், அடுத்த மாதமே அது சுற்றும். தவணையும் கூடவே சுற்றும். அதே கடனில் பிள்ளையை எம்.பி.பி.எஸ். சேர்த்தால் நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் வேலை. அதுவரை அசல் படுத்துத் தூங்கும். வட்டி மட்டும் நைட் டூட்டி பார்க்கும். லேத்துக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. வேலைக்கு வந்த அன்று, “அப்பா, நான் மேல்படிப்பு படிக்கணும்” என்று சொல்லாது.

பக்கத்தில் திருவள்ளூரிலேயே 2022 ஜனவரி 12 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பிடித்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். சதவீதமாக வரும்வரை 7.5 ராசியான எண்தான். வங்கியில் அதுவே லட்சமாக நிற்கிறது: கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். சொத்து இருந்திருந்தால் அப்பா ஏன் ஓவர்டைம் பார்க்கிறார் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் கிடையாது.

படிப்பு முடிந்தபின் ஓராண்டு அவகாசம் தருகிறார்கள். மூச்சுவிட அல்ல, நீட் முதுகலைத் தேர்வுக்குப் படிக்க. பழைய வரிமுறையில் கல்விக்கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரிச்சலுகையும் உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்தால்.

சொந்தக்காரர்கள் “வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?” என்கிறார்கள். இப்போதைக்கு “டாக்டர் சார்” என்று வாய் நிறையக் கூப்பிடுவது வங்கிக் கிளையில் மட்டும்தான், அதுவும் மாதம் தவறாமல்.