கிளம்பாமையும் நில்லாமையும்: பழைய புல்லட் குறித்த ஓர் ஆய்வு

கடலூர் முதுநகருக்கும் சிதம்பரம் தேர் வீதிகளுக்கும் இடையே இன்றும் ஓடும் பழைய புல்லட்டுகளை ஆராயப் புகுவோர், அவற்றின் பிணிகளைக் கிளம்பாமை, நில்லாமை என இரண்டாக வகுப்பர். ஆயில் ஒழுகுதல் பிணியன்று, அவ்வண்டியின் இயல்பு என்பதால் ஈண்டு விலக்கப்படுகிறது.

கிளம்பாமைக்கு முதற்காரணம் பட்டறையில் ‘பாயிண்ட்’ எனப்படுவது; அதாவது, எஞ்சின் சுழலுந்தோறும் திறந்து மூடி, பேட்டரியின் 6 அல்லது 12 வோல்ட் மின்னோட்டத்தை அறுத்து, அவ்வறுப்பினாலேயே காயிலில் பல ஆயிரம் வோல்ட்டை எழுப்பிப் பிளக்கின் முனையில் பொறி தெறிக்கச் செய்யும் சிறு உலோக இணை. அது முழுதும் திறந்து நிற்கையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும் என்பது நூல் விதி. சிகரெட் அட்டை நுழைந்தால் போதும் என்பது பட்டறை விதி. உப்புக்காற்று வீசும் முதுநகரில் முனைகளில் படலம் படிவதும், கன்டென்சர் போனபின் அவை கருகுவதும், உப்புத்தாள் கொண்டு அவற்றைத் தேய்ப்பதும் அடிக்கடி நிகழ்வன. அதன்பின் டீகம்ப்ரஸர் நெம்பை இழுத்து, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும் நொடிக்காகக் காத்திருந்து உதைக்க வேண்டும். டைமிங் முந்தியிருப்பின் கிக்கர் திருப்பி அடிக்கும் என்பதற்கு உதைத்தவரின் காலே சான்று.

நில்லாமையோ பிரேக் கட்டையைப் பற்றியது. சக்கரத்தின் டிரம்முக்குள் விரிந்து உரசும் இவ்வளைந்த கட்டைகளின் மேலுள்ள லைனிங், மேல வீதியில் ஷேர் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் அடியவர் கூட்டத்துக்கும் மாறி மாறி மிதிக்கப்பட்டுத் தேய்கிறது. கிளம்பாத வண்டிக்காக விடியுமுன் மெக்கானிக்கை எழுப்பும் உரிமையாளர், நில்லாத வண்டியை மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வது ஆராயத்தக்கது. கிளம்பாமை வாசலில், அண்டை வீட்டார் பார்க்க நிகழ்வது. நில்லாமையை ஓட்டுபவரும் முன்னே செல்லும் மாடும் மட்டுமே அறிவர் என்பதே இதன் காரணமாகலாம். எனவே அவர் கட்டையை மாற்றாது, பிரேக் ராடின் நுனியிலுள்ள நட்டைத் திருகுகிறார். மரை தீர்ந்ததும் இடையில் ஒரு புஷ்ஷைச் செருகுகிறார். அதுவும் போதாதபோது நெம்பைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுகிறார். இங்ஙனம் அளவுமீறித் திரும்பிய கேம், அதாவது கட்டைகளை விரிக்கும் தண்டு, ஒருநாள் குறுக்கே சிக்கிச் சக்கரத்தைப் பூட்டிவிட, அவ்வண்டி நெடுநாளைக்குப் பின் முழுமையாக நிற்கிறது. எஞ்சின் அணைந்தமையால், தெற்கு வீதி முழுதும் பார்க்க மீண்டும் உதைக்கவும் நேர்கிறது.