நாலு சாமானுக்கு எத்தனை நடை? கும்பகோணத்துப் பிரிவினைக் கோட்பாடு

கடைத்தெருவுக்குப் போய்வருவதைப் பற்றி எழுதுகிறவர்கள் என்ன வாங்கினார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்று எழுதுவார்கள். எத்தனை நடையில் வாங்கினார்கள் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இப்பெருங்குறையைப் போக்கும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. இதை யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். கேட்காமல் செய்வதற்குத்தான் அடிப்படை ஆராய்ச்சி என்று பெயர்.

களம் கும்பகோணம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர். 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டாலும், பழைய ஊருக்குள் கடைத்தெரு இன்னும் நடந்து போய்வரும் தூரம்தான். சாமான் வாங்கப் புறப்பட்டால் வழியில் ஒரு கோயில் குறுக்கிடும். கோயிலுக்குப் புறப்பட்டால் ஒரு காப்பிக்கடை குறுக்கிடும். நேர்கோட்டில் போய் நேர்கோட்டில் திரும்பியவர் எவரும் ஆய்வாளர் கண்ணில் படவில்லை.

ஆய்வுக்கு உட்பட்டவர் சாரங்கபாணி சன்னதித் தெருப் பக்கம் குடியிருக்கும், பணி ஓய்வு பெற்ற ஓர் அரசு ஊழியர். ஆய்வு நெறிப்படி பெயரை மறைத்து, தெருவே அழைக்கிறபடி மாமா என்று குறிக்கிறோம். காலைக் காப்பி முடிந்ததும் மாமி நாலு உருப்படி சொல்கிறார்: காப்பிப்பொடி, வெற்றிலை, ஒரு முழம் பூ, அப்புறம் தகர டின்னில் இருக்கும் கோதுமையை மில்லில் கொடுத்து அரைத்து வருவது. ஒரே நடையில் முடிகிற காரியம். மாமா நாலு நடை போகிறார். ஏன்?

இந்தச் சிக்கலுக்கு வேண்டிய கணிதம் அதே தெருவில் வளர்ந்த ஒரு பிள்ளையால் உருவாயிற்று என்பதை உள்ளூரார் கவனித்ததாகத் தெரியவில்லை. 1887இல் ஈரோட்டில் பிறந்து, சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில் வளர்ந்து, டவுன் ஹைஸ்கூலில் படித்த ராமானுஜன், பின்னாளில் கேம்பிரிட்ஜில் ஹார்டியோடு சேர்ந்து 1918இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூறுபோடலாம் என்பதற்கான சூத்திரம் அது. கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்காக இழுபடும் பாகப்பிரிவினை அல்ல; எண்களுடைய பாகப்பிரிவினை. 4ஐ எடுத்துக்கொள்வோம். நாலாகவே வைக்கலாம், மூன்றும் ஒன்றும் ஆக்கலாம், இரண்டும் இரண்டும், இரண்டு, ஒன்று, ஒன்று, அல்லது ஒன்று ஒன்றாக நாலு. ஆக 5 வழி. 10க்கு 42 வழி. 100க்கோ 19,05,69,292 வழி. கவுளிக்கு 100 வெற்றிலை. ஆகவே ஒரு கவுளி வெற்றிலையை நடை நடையாகப் பிரித்து வாங்கிவர 19 கோடிக்குமேல் வழி இருக்கிறது. மாமா இதுவரை ஒன்றிரண்டைத்தான் கையாண்டிருக்கிறார்.

200க்கு எத்தனை வழி என்று கையாலேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் மக்மஹோன் என்னும் ஆங்கிலேயர். விடை 39,72,99,90,29,388. ராமானுஜன் சூத்திரத்தைச் சரிபார்க்க அந்த எண்தான் உதவியது. மக்மஹோன் ஓய்வு பெற்ற ராணுவ மேஜர் என்பதையும் இவ்விடத்தில் பதிவு செய்கிறோம். ஓய்வு பெற்றவர்கள் கையிலிருக்கும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் கவனிக்க.

இன்னொன்றும் ராமானுஜன் கண்டார். 4 அல்லது 9இல் முடிகிற எந்த எண்ணை எடுத்தாலும், அதைப் பிரிக்கும் வழிகளின் தொகை 5ஆல் மீதமில்லாமல் வகுபடும். நாலு சாமானுக்கு 5 வழி, ஒன்பது சாமானுக்கு 30 வழி. இதனால் வீட்டுக்கு என்ன பிரயோஜனம் என்று மாமி கேட்டார். அந்தக் கேள்வி ஆய்வின் வரம்புக்கு வெளியே உள்ளது. வெற்றிலையும் கோதுமையும் ஒன்றா, அது எப்படி வெறும் நாலு என்று எண்ணலாம் என்றும் கேட்டார். இந்த ஆட்சேபம் நியாயமானது. உருப்படிகளை வெவ்வேறாகக் கொண்டால் 5 என்பது 15 ஆகிவிடும். மாமாவுக்கு இதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது.

மாமி ஆதரிப்பது முதல் வழி, மாமா கைக்கொள்வது கடைசி வழி. இடைப்பட்டவை கும்பகோணத்தில் வழக்கொழிந்துவிட்டன என்றே சொல்ல வேண்டும்.

மாமாவின் தரப்பைக் கேட்டால் அதில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். காப்பிப்பொடியை நூறு நூறு கிராமாகத்தான் வாங்க வேண்டும். அரைக்கிலோ வாங்கி வைத்தால் மூன்றாம் நாள் மணம் போய்விடும். பூவைச் சாயங்காலம்தான் வாங்க வேண்டும். காலையில் வாங்கினால் விளக்கேற்றும் நேரத்துக்குள் மொட்டெல்லாம் விரிந்துவிடும். வெற்றிலையை மாவு டின்னோடு சேர்த்து எடுத்துவந்தால் சூடு பட்டு வாடும். கும்பகோணம் வெற்றிலை 2025இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, அதை அப்படி அவமதிக்கலாமா? தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அசைக்க முடியாத வாதம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் ஒரு நாள் முழுக்க வீட்டில் இல்லாமலிருக்கப் போட்ட திட்டம் என்று தெரிகிறது.

நாலில் மாவு மில்தான் தனி ஆய்வுக்கு உரியது. அங்கே வரிசை என்பது வந்த வரிசை மட்டுமல்ல. முன்னால் கேழ்வரகு அரைத்திருந்தால் கோதுமைக்காரர் டின்னை நகர்த்த மாட்டார். "அவங்க பச்சரிசி ஆகட்டும், அப்புறம் அந்தக் கோதுமை, அதுக்குப் பின்னால நான் போடறேன்" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பார். முதல் கோதுமைக்காரர் ஆவதற்கு யாருக்கும் விருப்பம் கிடையாது. இரண்டாவதாக இருக்கவே எல்லாரும் காத்திருக்கிறார்கள். முதல்வர் இல்லாமல் இரண்டாமவர் எப்படி வருவார் என்பது தத்துவச் சிக்கல். வெளியூர்க்காரர் ஒருவர் விவரம் தெரியாமல் டின்னை நீட்டும்போது அது தீரும். எந்திரத்தின் வாயில் கட்டியிருக்கும் துணிக்குழாயில் மாவு இறங்கும். கடைசியில் மில்காரர் குழாயைக் கையால் தட்டுவார். தட்டத் தட்ட விழுகிற அந்த மாவுக்காக டின்னை எடுக்காமல் நிற்க வேண்டும். எத்தனை தட்டினாலும் ஒரு பிடி உள்ளே தங்கும். அது அடுத்தவருக்குப் போகும். உங்களுக்கும் முந்தியவருடையது ஒரு பிடி வந்திருக்கும். சன்னதித் தெருவில் யார் வீட்டுச் சப்பாத்தியும் முழுக்க அவரவர் வீட்டுக் கோதுமை அல்ல. மாவு சுடச்சுட வரும், உடனே மூடக் கூடாது. மூடாத டின்னோடு வேகமாக நடக்கவும் முடியாது. நடை ஏன் நீள்கிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்த காரணம் விசாரிப்பு. வாசற்படி தாண்டுகிறவரை "எங்கே போறேள்?" என்று கேட்பது அபசகுனம். கேட்டுவிட்டால் திரும்பி உள்ளே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நயம் தெரிந்தவர்கள் "தூரமா?" என்பார்கள். ஆனால் அதே கேள்வி தெருமுனையில் கட்டாயக் கடமை ஆகிவிடுகிறது. கையில் மஞ்சப்பையும் பைக்குள் டின்னும் இருக்க, "என்ன மாமா, மில்லுக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லித் தப்பிக்க இயலாது. கேட்டவர் வீட்டுக் கல்யாணம், பெயரனின் பள்ளிக்கூடம், முழங்கால் வலி என்று மூன்று துறைகள் முடிந்தபின்தான் விடுதலை. பிளாஸ்டிக் தடைக்குப் பிறகு, 2021இல் அரசே மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. அதனால் மாமாவின் பைக்கு ஒரு கொள்கைப் பெருமையும் சேர்ந்தது. அதைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுகிறார்.

நாளும் கிழமையும் வேறு குறுக்கே நிற்கின்றன. வெள்ளிக்கிழமை காலை 10.30 முதல் 12 வரை ராகுகாலம். மாமா தெருவிலேயே நிற்கலாம், புதுக் காரியம் தொடங்கக் கூடாது. சனிக்கிழமை எண்ணெய் வாங்குவதில்லை. விளக்கு வைத்தபின் ஊசி கேட்டால், பழைய கடைக்காரர் இருந்தாலும் இல்லை என்பார். இவற்றையெல்லாம் கழித்தால் 15 வழியில் எத்தனை மிஞ்சும் என்பதற்கு ராமானுஜன் சூத்திரம் எதுவும் விட்டுச் செல்லவில்லை.

இந்த முறைக்கு மாமி எதிரி என்றே ஆய்வாளர் நெடுநாள் கருதினார். கூர்ந்து பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. மாமா பையை இறக்கியதும் மாமி கேட்பது வெற்றிலை கொழுந்தா என்றல்ல. "யாரைப் பார்த்தேள்?" என்றுதான். நடைக்கு ஒரு சேதி தேறுகிறது. நாலு சாமானையும் ஒரே மூச்சில் வாங்கிவந்தால் சேதியும் ஒன்றோடு நின்றுவிடும். தவிர, மாமா இல்லாத நேரத்தில் வீட்டில் டிவி ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதும் கருதத்தக்கது. நாலும் முடிந்த அன்று மாலை, "அடடா, பெருங்காயம் சொல்ல மறந்துட்டேனே" என்று மாமி சொன்னபோது அந்தக் குரலில் வருத்தம் துளியும் இல்லை.

சென்னையிலிருக்கும் மகன் ஒருமுறை பெற்றோர் சிரமப்படக் கூடாதென்று, மாதச் சாமான் மொத்தத்தையும் கைப்பேசியில் அழுத்தி வீட்டு வாசலில் இறக்கவைத்தான். மாமா அன்று முழுதும் ஊஞ்சலில் உட்கார்ந்து பட்டியலையும் பொட்டலங்களையும் ஒத்துப்பார்த்தார். மூன்று மணி வாக்கில் கடுகு விட்டுப்போயிருப்பது தெரியவந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

எஞ்சியிருப்பது ஓர் எல்லைநிலை. வாங்க ஒன்றுமே இல்லாத நாளில் என்ன ஆகும்? சுழியத்தைப் பிரிக்க எத்தனை வழி என்று கேட்டால், சுழியம் என்றுதான் சாதாரண மனிதர் சொல்வார். கணிதவியலாரோ 1 என்று வைத்திருக்கிறார்கள். மாமா இதைச் சூத்திரம் படிக்காமலே கடைப்பிடிக்கிறார். எதுவும் வேண்டாத நாளிலும் மகாமகக் குளத்துப் படிவரை ஒரு நடை உண்டு. சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவரை மாமி கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"சும்மாதானே போறேள்? வர்றச்சே ஒரு தேங்காய்."

இதனால் கணக்கில் மாற்றம் எதுவும் இல்லை. ஒன்றைப் பிரிக்கவும் ஒரு வழிதான்.