உதவித்தொகையும் உபத்திரவ அப்பாவும்

எங்கள் வீட்டில் உயிரியல் படித்தவள் மகள் ஒருத்திதான். ஆனால் அவள் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்ததும் ஸ்கேனிங் உதவியாளராக நானும் சேர்த்துக்கொள்ளப்பட்டேன். அவளுடைய சாதிச் சான்றிதழைத் தேடி பீரோவைக் குடைந்ததில் என் கல்யாணப் பத்திரிகைகூடக் கிடைத்தது. சான்றிதழ் அவள் ஃபைலிலேயே இருந்தது.

தேர்வு மொத்தம் 200 மதிப்பெண்ணுக்கு. முதல் பகுதி பொது அறிவுத்திறன். 20 கேள்விகளில் 15க்கு விடை எழுத வேண்டும். “அப்பா, நீங்க பேங்க்ல கணக்குப் புலியாச்சே, இதைச் சொல்லுங்க” என்றாள். வெளிப்புறம் முழுக்க வர்ணம் பூசிய கனசதுரத்தை 27 துண்டாக வெட்டினால், எத்தனை துண்டுகளில் சரியாக இரண்டு பக்கம் வர்ணம் இருக்கும்? தப்பான விடைக்கு அரை மதிப்பெண் போய்விடுமாம். அவசரப்படலாமா? ஃபிரிட்ஜிலிருந்த பன்னீரில் மஞ்சள் தடவி, வெட்டி, எண்ணிப் பார்த்து “12” என்றேன். விடை சரி. ஆனால் தேர்வு மூன்று மணி நேரம்தான், பன்னீருக்கு அனுமதியும் இல்லை.

மூன்றாம் பகுதி இன்னும் மோசம். 75 கேள்விகளைக் கொடுத்து, 25க்கு மட்டும் விடை எழுதச் சொல்கிறார்கள். மெனு கார்டை முழுக்கப் படித்துவிட்டுக் கடைசியில் இட்லி கேட்கும் பரம்பரை எங்களுடையது. இவள் எப்படித் தேறுவாள் என்று எனக்கு உள்ளூர உதறல்.

2024 ஜூன் 25 முதல் நடக்கவிருந்த தேர்வை நாலு நாள் இருக்கும்போது தள்ளிவைத்தார்கள். ஜூலைக் கடைசியில்தான் நடந்தது. பிள்ளையாருக்கு வேண்டியிருந்த தேங்காயும் அதோடு தள்ளிப்போனது.

தேறிவிட்டாள். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை என்றதும் சித்தப்பா கேட்டார்: “வேலை கிடைச்சிருச்சா?”

“இல்லை தாத்தா, படிப்பு.”

“படிக்கிறதுக்கு அவன் காசு தர்றானா? இது தெரிஞ்சிருந்தா உங்கப்பனை ஒழுங்கா படிக்க வச்சிருப்பேனே!”

தேறினால் மட்டும் பணம் வந்துவிடாது. ஆராய்ச்சிக்கு ஒரு கைடு கிடைத்து, அவரிடம் சேர்ந்தால்தான் வரும். பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுத நானே முன்வந்தேன். “மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்கு” என்று தொடங்கியதைப் பார்த்தவள், “லோன் வசூல் நோட்டீஸ் மாதிரி இருக்குப்பா” என்று அழித்துவிட்டாள். அவள் எழுதியது நாலே வரி. அதற்குத்தான் பதில் வந்தது.

இரண்டு வருடம் கழித்து மூன்று பேர் குழு உட்கார்ந்து அவள் வேலையை மதிப்பிடும். அதில் ஒருவர் வெளியிலிருந்து வரும் நிபுணர். அவர்கள் திருப்திப்பட்டால் ஜூனியர் ஃபெல்லோவாக இருப்பவள் சீனியராவாள். தொகை 42,000 ஆகும். நல்ல ஏற்பாடு என்று மனைவியிடம் சொன்னேன்.

“புருஷன்களுக்கும் இப்படி வச்சா நல்லாத்தான் இருக்கும்” என்றாள். “வெளியாள் வேண்டாம். நானே போதும்.”

அப்படியானால் நான் இன்னும் ஜூனியர்தானா என்று கேட்டேன். முதலில் ஒரு கைடு கிடைக்கட்டும் என்றாள்.