ஆபரேஷன் முடிந்தது, அளவெடுப்பு முடியவில்லை!

கேள்வி: மாமனாருக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தாயிற்று. ஆபரேஷன் சக்சஸ் என்றார்கள். அப்புறமும் ஏன் ஆடியாலஜிஸ்ட்டிடம் நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: சர்ஜன் துணி எடுத்துக் கொடுத்துவிட்டார், அளவு பார்த்துத் தைப்பவர் ஆடியாலஜிஸ்ட்தான்!

உள்காதுக்குள் போகும் மெல்லிய இழையில், தயாரிப்பைப் பொறுத்து 12 முதல் 22 எலெக்ட்ரோடுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ‘பீப்’ கொடுத்து, லேசாகக் கேட்கத் தொடங்கும் அளவையும், ‘போதும்ப்பா’ என்று கை காட்டும் அளவையும் குறித்துக்கொள்வார்கள். இதுதான் மேப்பிங். கைக்குழந்தை எப்படிச் சொல்லும்? கேட்பு நரம்பு தரும் மின் பதிலை அளந்து உத்தேசமாக ஆரம்பிப்பார்கள்.

முதல் சில மாதங்களில் இந்த அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் பேச்சு ரோபோ குரல் போலவோ, கார்ட்டூன் எலி போலவோ கேட்பதாகப் பலர் சொல்வதுண்டு. மருமகள் பேசும்போது மாமனார் முகம் சுளித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கோரோஸ்ட் 2001-ல் மிச்சமிருந்த கேட்கும் திறனையும் இழந்து, இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர். ராவெலின் ‘பொலேரோ’ இசையை மறுபடி ரசிக்க அவர் தேடிப் போனது இன்னொரு ஆபரேஷனை அல்ல, புது மென்பொருளை.

“சரியா கேக்கலை” என்று மொட்டையாகச் சொன்னால் ஆடியாலஜிஸ்ட்டுக்குப் பிடி கிடைக்காது. “போனில் பேரன் பேசுவது புரியவில்லை, எவர்சில்வர் தட்டை வைத்தால் சுரீர் என்கிறது” என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். மருமகளைப் பற்றிய புகார்களுக்கு வேறு நோட்டு!